மணலடியில் ஒரு கிழங்கு

மணலைப் பற்றி நம் பழமொழிகளுக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. நிலையாத வாழ்வு மணல் வீடு. ஆகாத காரியம் மணலைக் கயிறாகத் திரிப்பது. மீன்தொட்டிக்குள் உயிருள்ள செடிகளை வளர்க்க விரும்புகிறவர்களும் ஏறத்தாழ இதே எண்ணத்தோடுதான் தொடங்குகிறார்கள். மணலில் என்ன வளர்ந்துவிடப் போகிறது என்பது அவர்கள் கேள்வி. கடைக்காரரும் அதை மறுப்பதில்லை. மறுத்தால், 'அக்வா சாயில்' என்ற பெயரில் பை பையாக வந்திறங்கும் குருணை மண்ணை அவர் யாரிடம் விற்பது?

ஆற்றுப் படுகையில் நடந்து பழகியவர்களுக்கு இந்த ஐயம் எழ நியாயமில்லை. நாணலும் கோரையும் எங்கே நிற்கின்றன? மணலில்தான் நிற்கின்றன, ஆனால் மணலைத் தின்று வாழவில்லை. வெள்ளம் கொண்டுவந்து படியவைத்த வண்டல் மணலுக்கு அடியிலும் இடையிலும் இருக்கிறது. வேர் அதைத் தேடிப் போகிறது. மணல் நிற்க இடம் கொடுக்கிறது, அவ்வளவே. அதன் பெரும்பகுதி குவார்ட்சு என்னும் படிகக்கல்லின் துகள். நீரில் கரையாது, நீருக்கு எதையும் கொடுக்காது, நீரிலிருந்து எதையும் எடுக்காது. கெட்டிக்காரக் கடைக்காரர் இதைக் குறையாகச் சொல்வார். நாங்கள் இதை மணலின் கண்ணியம் என்று எடுத்துக்கொண்டோம்.

'நாங்கள்' என்பதைச் சற்று விளக்கிவிடுவது நல்லது. எங்களுள் ஒருவர் கல்லூரியில் தமிழ் கற்பிப்பவர், மற்றவர் வேதியியல். இக்கட்டுரையில் எவர் கை மணலைக் கழுவியது, எவர் கை எழுதுகிறது என்று வாசகர் பிரித்தறிய வேண்டியதில்லை; வீட்டிலேயே அந்தக் கணக்கு இன்னும் தீரவில்லை. எங்களோடு அம்மா இருக்கிறார். எங்களுள் ஒருவருக்கு அம்மா, மற்றவருக்கு அத்தை. அப்பா மறைந்தபின், சிவகங்கைச் சீமையிலிருந்த வீட்டையும் வயலையும் விற்றுவிட்டு மதுரையில் எங்கள் இரண்டாம் மாடிக் குடியிருப்புக்கு வந்து சேர்ந்தவர். 'காலு தரையில படாத வீடு' என்பது இந்த வீட்டுக்கு அவர் வைத்த பெயர். முதல் ஆறு மாதம் அவர் பேசிய சொற்களை எண்ணிவிடலாம்.

விற்ற வீட்டின் கொல்லையில் ஆற்றுமணல் ஒரு குவியலாகக் கிடந்தது. 1987இல் அப்பா வீடு கட்டியபோது மிஞ்சியது. கோழி கிளறி, நெருஞ்சி படர்ந்து, மழையில் கரைந்து, பாதியாகியிருந்தது. சாவியைக் கைமாற்றும் நாளன்று அம்மா அதைக் காட்டி, "இனிமே இந்த மணலு எங்க கெடைக்கப் போகுது? ரெண்டு சாக்குல அள்ளிப் போட்டுக்கப்பா" என்றார். எதற்கென்று அப்போது எங்களுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. இரண்டு சாக்கும் ஓராண்டு மொட்டைமாடிப் படிக்கட்டின் அடியில் கிடந்தன. மூன்றடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் ஒன்றரை அடி உயரமுமான ஒரு பழைய கண்ணாடித் தொட்டி வீட்டுக்கு வந்தபோதுதான் அவற்றின் நினைவு வந்தது.

இந்த அளவுத் தொட்டியில் இரண்டரை அங்குல உயரத்துக்கு மணல் பரப்ப நாற்பது கிலோவுக்கு மேல் வேண்டும். நீரும் கண்ணாடியும் சேர்ந்தால் மொத்த எடை இருநூறு கிலோவைத் தாண்டும். மாடி வீட்டில் சுவரோரமாக, உத்திரத்தின்மேல் வைப்பதே முறை. மணலைத் தேர்வதில் மூன்று காரியங்கள் உண்டு. முதலாவது சலித்தல். பூச்சுவேலைக்குச் சலிக்கும் சல்லடையில் விழும் மாவு மணல் ஆகாது. அது நாளடைவில் இறுகிச் சிமெண்டுத் தரைபோல் ஆகிவிடும், வேர் நுழையாது. கேழ்வரகு மணிக்குச் சற்றுப் பெரிதும் சிறிதுமாக, ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் வரையுள்ள மணலே தகுந்தது. இரண்டாவது சோதித்தல். ஒரு கைப்பிடி மணலில் வினிகரை ஊற்றினால் நுரைக்கக் கூடாது. நுரைத்தால் கிளிஞ்சல் துகள் கலந்திருக்கிறது என்று பொருள். அது மெல்லக் கரைந்து நீரின் கடினத்தன்மையை ஏற்றிக்கொண்டே போகும். கடற்கரை மணலை அள்ளிவந்து தொட்டியில் போடக்கூடாது என்பது இதனால்தான். மூன்றாவது கழுவுதல். இதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. வாளி வாளியாக, நீர் தெளியும்வரை கழுவ வேண்டும், முதுகு தாங்கும்வரை.

இன்று கட்டடங்களுக்குப் பயன்படும் 'எம்-சாண்ட்' இதற்கு உதவாதா என்று நண்பர் ஒருவர் கேட்டார். அது பாறையை உடைத்துச் செய்வது. விளிம்புகள் கூர்மையானவை, தூசியும் மிகுதி. தரையைத் துழாவி உண்ணும் மீன்களின் மீசையை அது அறுத்துவிடும். ஆற்றுமணலின் ஒவ்வொரு மணியும் நெடுங்காலம் உருண்டு உருண்டு மழுங்கியது. அந்த மழுக்கத்தை எந்த ஆலையிலும் செய்ய முடிவதில்லை. நாம் ஆறுகளிலிருந்து அள்ளித் தீர்த்தது மணலை மட்டுமன்று, அந்தக் காலத்தையும்தான்.

கண்ணாடித் தொட்டியும் மணலும் செடியும் சேர்ந்த கதைக்கு வயது நூற்றெழுபதுக்கு மேல் ஆகிறது. ராபர்ட் வாரிங்டன் என்ற ஆங்கில வேதியியலர் ஒரு பெரிய கண்ணாடிக் கலத்தில் மணலும் கற்களும் இட்டு, அதில் வாலிஸ்நேரியா என்ற நாடா போன்ற நீர்ச்செடியை நட்டு, இரண்டு தங்கமீன்களை விட்டுப் பார்த்தார். நீரை மாற்றாமலே மீன்கள் வாழ வேண்டும் என்பது சோதனை. செடி வெளியிடும் உயிர்வளி மீனுக்கு, மீன் வெளியிடும் கரிவளி செடிக்கு. கணக்கு சரியாக இருந்தது. ஆனால் செடியின் பழைய இலைகள் அழுகி நீரைக் கலக்கின, பாசி கண்ணாடியை மூடியது. அவர் குளத்து நத்தைகள் சிலவற்றை உள்ளே விட்டார். அவை அழுகலைத் தின்றன, நீர் தெளிந்தது. 1850இல் லண்டன் வேதியியல் சங்கத்தாருக்கு இதை அறிவித்தார். எங்கள் வீட்டு வேதியியலாருக்கு இந்தச் செய்தியில் தனியான பெருமிதம் உண்டு. தமிழாசிரியருக்குப் பிடித்தது வேறு: அழுகலைத் தின்ன ஓர் உயிர் இல்லாமல் அழகு நிலைக்காது என்று முதல் தொட்டியிலேயே தெரிந்துவிட்டது.

பள்ளிக்கூடத்தில் நாம் எல்லோரும் செய்த சோதனை நினைவிருக்கும். பீக்கரில் ஹைட்ரில்லா, அதன்மேல் கவிழ்த்த புனல், புனலின்மேல் சோதனைக்குழாய், வெயிலில் வைத்தால் குமிழ் குமிழாக ஏறும் வளி. அந்த ஹைட்ரில்லாவுக்குத் தரையே தேவையில்லை. நீரில் கரைந்திருப்பதையே தண்டாலும் இலையாலும் உறிஞ்சி வளர்ந்துவிடும். செடி வளர்ப்போர் இதை அறிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. தண்டுச் செடிகள் பெரும்பாலும் நீரிலிருந்து உண்பவை. ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ் போன்றவை கல்லிலோ கட்டையிலோ பற்றிக்கொண்டு வாழ்பவை. இஞ்சி போன்ற அவற்றின் கிடைத்தண்டை மணலில் புதைத்தால் அழுகிவிடும். வாலிஸ்நேரியா, கிரிப்டோகொரைன், அபோனோஜிட்டான் முதலியன வேரால் உண்பவை. வெறும் மணலில் வாடிப்போவன இவையே. மணலைப் பழிக்கும் பேச்செல்லாம் இவற்றை நட்டுவிட்டு ஒன்றும் கொடுக்காதவர்கள் பரப்பியது.

கொடுப்பதற்கு 'ரூட் டேப்' என்ற உர மாத்திரை கடையில் கிடைக்கிறது. நாங்கள் வண்டலை நாடினோம். கோடையில் வற்றிய கண்மாயிலிருந்து கொண்டுவந்த பழைய வண்டலைப் பிசைந்து, கோலிக்குண்டு அளவில் உருட்டி, நிழலில் உலர்த்தி, வேருக்கு அருகே மணலின் அடி ஆழத்தில் விரலால் அழுத்திப் புதைத்தோம். உழவர் மாட்டுவண்டியில் வயலுக்குக் கொண்டுபோன அதே வண்டல்தான். இரும்பும் சாம்பல்சத்தும் அதில் இருக்கின்றன. தழைச்சத்தை மீன்கள் கொடுத்துவிடும். உருண்டைகளை உருட்டித் தந்தவர் அம்மா. கொழுக்கட்டை பிடிக்கும் கை அல்லவா, எல்லாம் ஒரே அளவு. ஆறு மாதத்தில் அவர் எங்களிடம் முதன்முதலாக நீளமாகப் பேசியது அன்றுதான். எந்தக் கண்மாய் வண்டல் எந்த வயலுக்கு ஆகும் என்பது பற்றி.

மீன் எது என்பதில் எங்களுக்குள் விவாதம் எழவில்லை. மதுரைச் சந்தையில் அயிரை இன்றும் உயிரோடுதான் விற்கப்படுகிறது. குழம்புக்குப் போகவிருந்த பத்து அயிரைகள் தொட்டிக்கு வந்தன. மணல் தரைக்கு அயிரையைப்போல் பொருந்திய மீன் வேறில்லை. சரேலென்று மணலுக்குள் புகுந்து, கண்கள் மட்டும் வெளியே தெரிய அசையாமல் கிடக்கும். சரளைக்கல் பரப்பிய தொட்டியில் இந்தக் காட்சி கிடைக்காது. துன்பமும் உண்டு. புதிதாக நட்ட நாற்றுகளை அயிரை ஒரே இரவில் கிளறி மிதக்கவிட்டுவிடும். ஒவ்வொரு நாற்றையும் சுற்றிக் கூழாங்கற்களை அடுக்கி, வேர் பிடிக்கும்வரை மூன்று வாரம் காவல் காக்க நேர்ந்தது. வேர் பிடித்தபின் நாமே பிடுங்கினாலும் வராது.

அயிரையின் கிளறலுக்கு ஒரு பயனும் இருக்கிறது. மணல் தரையில் நீரோட்டம் புகாத ஆழத்தில் உயிர்வளி தீர்ந்துபோகும்; அங்கே கருமை படரும்; குத்தினால் அழுகிய முட்டை நாற்றத்துடன் குமிழ் எழும். மணல் கூடாது என்பவர்கள் முதலில் சொல்லும் அச்சம் இதுதான். இரண்டரை அங்குலத்துக்கு மேல் போகாமலிருந்தாலே பாதி அச்சம் தீரும். மீதியை அயிரையும், மணலுக்குள் புதைந்து நகரும் கூம்பு வடிவ நத்தைகளும், எல்லாவற்றுக்கும் மேலாக வேர்களும் பார்த்துக்கொள்ளும். வேர்கள் உண்ண மட்டும் செய்வதில்லை. இலையில் உண்டான உயிர்வளியைக் கீழே இறக்கிச் சுற்றிலுமுள்ள மணலுக்குச் சிறிது கசியவிடுகின்றன. செடி தான் நிற்கும் இடத்தைத் தானே வாழத்தக்கதாக்கிக்கொள்கிறது. தரையை ஆயத்தம் செய்தபின் செடி நடுகிறோம் என்று நினைத்திருந்தோம். செடி நட்டபின்தான் தரையே ஆயத்தமாகிறது.

முதல் இரண்டு மாதத்தை விரைந்து கடந்துவிடலாம். மீன் கழிவின் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பின் நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும்; அதுவரை மீன் விடாமல் பொறுத்திருப்பது நல்லது. விளக்கை ஏழு மணிநேரத்துக்கு மேல் எரியவிட்டால் பாசிக்கு விருந்து. மதுரையின் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பு மிகுந்தது. வாலிஸ்நேரியாவும் இலங்கை ஓடைகளுக்கே உரிய கிரிப்டோகொரைன் வெண்டியும் அதைப் பொருட்படுத்துவதில்லை. ஆவியான நீருக்கு ஈடாக மட்டும் மழைநீரையோ வடிகட்டிய நீரையோ ஊற்ற வேண்டும். இல்லையேல் உப்பு மேலும் மேலும் செறிந்துவிடும். சித்திரை வெயிலில் தொட்டி நீரே முப்பத்திரண்டு பாகையைத் தொடும். நீர்ப்பரப்பின்மேல் ஒரு சிறு மின்விசிறி வைத்தால் இரண்டு மூன்று பாகை இறங்கும்.

கிரிப்டோகொரைனைப் பற்றி ஒரு சொல். இடம் மாற்றி நட்டவுடன் அதன் இலைகள் சில நாட்களில் கூழாகக் கரைந்துவிடும். பலர் செத்துவிட்டதென்று பிடுங்கி எறிகிறார்கள். வேர் உயிரோடுதான் இருக்கும். புது நீருக்கேற்ற புது இலைகளை அது பொறுமையாக விடும். நம் சித்த மருத்துவத்தில் நாட்டு அதிவிடயம் என்று வழங்குவது இதன் உறவுச்செடியே. அம்மா இந்தக் கரைதலைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "எடம் மாறினா யாருக்குத்தான் எல கொட்டாது" என்றார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

ஜப்பானியரான தகாஷி அமானோ (1954-2015) வகுத்துக் காட்டிய நீருலகத் தோட்டங்களின் படங்களைப் பார்த்து மயங்காதவர் இலர். கரிவளியை உருளையிலிருந்து செலுத்தி, வெளிச்சத்தைப் பொழிந்து, புல்வெளியும் மலையும் நீருக்குள் எழுப்பியவர் அவர். அவை அழகு என்பதில் ஐயமில்லை. ஆனால் அவரைப் பின்பற்றுகிறோம் என்று நம்மூரில் செய்யப்படும் பல தொட்டிகள் கல்யாண மண்டப மேடை அலங்காரம்போல் இருக்கின்றன. உருளையும் குருணை மண்ணும் இல்லாமல் செடியே வளராது என்ற பேச்சும் அவற்றோடு வந்து சேர்ந்தது. மணல், வண்டல், அளவான வெளிச்சம், அவசரமின்மை ஆகிய நான்கும் போதும் என்பது எங்கள் கட்சி. வளர்ச்சி மெதுவாக இருக்கும். யாருக்கு என்ன அவசரம்?

கடையில் ஒருநாள், 'பல்ப்' என்று எழுதிய சிறு பிளாஸ்டிக் உறையில் நான்கு கிழங்குகள் தொங்கின. சேப்பங்கிழங்கைச் சிறிதாக்கியதுபோல், மேலெல்லாம் நார். அபோனோஜிட்டான் கிரிஸ்பஸ் என்று கடைக்காரர் சொன்னார். வீட்டுக்குக் கொண்டுவந்து மேசையில் வைத்தபோது அம்மா ஒன்றை எடுத்து உருட்டிப் பார்த்தார், முகர்ந்தார், நகத்தால் கீறினார். "இதென்ன, கொட்டிக்கெழங்கு மாதிரியில்ல இருக்கு? இதக் காசு குடுத்தா வாங்குனீங்க?" என்றார்.

கொட்டி. தமிழ் படித்தவர்களுக்கு அந்தச் சொல் மூதுரையில் அறிமுகம். நீர் வற்றியதும் குளத்தை விட்டுப் பறந்துபோகும் பறவைகளை ஒருபுறமும், குளத்தை விட்டு அகலாத கொட்டி, ஆம்பல், நெய்தல் ஆகிய மூன்றையும் மறுபுறமும் நிறுத்தி, உறவு எது என்று ஔவையார் காட்டும் பாட்டு. ஆம்பலையும் நெய்தலையும் வகுப்பில் விளக்கிவிடலாம், பூவைக் காட்டிவிடலாம். கொட்டிக்கு மட்டும் 'ஒருவகை நீர்ப்பூண்டு' என்ற அளவில் குறிப்பு அமைந்துவிடும். மாணவர்களும் அதற்குமேல் கேட்பதில்லை. அந்தக் கொட்டி, தாவரவியலார் அபோனோஜிட்டான் நட்டன்ஸ் என்று வழங்கும் செடி. கடையில் வாங்கியது அதன் உடன்பிறப்பு. தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரியது. சிங்களவர் கெக்கட்டிய என்ற பெயரில் அதன் பூந்தண்டைக் கறியாக்கி உண்கிறார்கள்.

அம்மாவின் சிறுவயதில் கண்மாய் வற்றும் பருவத்தில் பிள்ளைகள் சேற்றைக் கிளறிக் கொட்டிக்கிழங்கு எடுப்பார்களாம். அவித்தால் தோல் உரித்துத் தின்னலாம், மாவாக இருக்கும். பஞ்ச காலத்தில் அதையே தின்று ஒரு வாரம் கழித்ததாகத் தம் தாயார் சொன்னதையும் சொன்னார். இந்தப் பேச்சுக்குப் பிறகு எங்கள் மாமாவுக்கு, அதாவது அம்மாவின் தம்பிக்கு, ஓயாமல் தொலைபேசி போயிற்று. சொந்த ஊர்க் கண்மாயில் கொட்டி இல்லை. சவுடு மண்ணுக்கென்று உரிமம் பெற்றவர்கள் ஆளுயரத்துக்குமேல் தோண்டியதில் பழைய தரை முழுவதும் லாரியேறிவிட்டது. பக்கத்து ஊர் ஊருணி ஒன்றில் கண்டதாக மாமா சொன்னார். அடுத்த முறை வந்தபோது ஈரச் சணல் பையில் மூன்று கிழங்குகள் கொண்டுவந்தார். "அக்கா, நீ கேட்டேன்னு சாரப்பாம்புக்குப் பயந்துக்கிட்டே எறங்குனேன்" என்றார். அம்மா அவரைச் சாப்பிடச் சொல்லக்கூட மறந்துபோனார்.

கிழங்கை மணலில் முழுதும் புதைக்கக் கூடாது. முளைக்கும் முனை வெளியே தெரிய வேண்டும். பத்து நாளில் சுருண்ட இலைகள் வந்தன. பிறகு நீண்ட காம்புகள் மேலேறி, நீள்வட்ட இலைகள் நீர்ப்பரப்பில் விரிந்தன. நான்காம் மாதம் நீருக்குமேல் ஒரு விரல் உயரத்தில் இளஞ்சிவப்பான பூங்கதிர். பெரிய அழகென்று சொல்ல முடியாது. ஆனால் இத்தனை தலைமுறைகளாகப் பாடநூலில் வெறும் பெயராக இருந்த ஒன்று கண்ணெதிரே பூத்து நின்றபோது எங்களில் ஒருவருக்கு அன்று வகுப்புக்கு நேரமாகிவிட்டது.

எட்டாம் மாதம் இலைகள் ஒவ்வொன்றாக மஞ்சளாகிக் கரைந்தன. புது இலை வரவில்லை. கடைக்காரர் கிழங்கை எடுத்தெறிந்துவிட்டு வேறு வாங்கச் சொன்னார். புத்தகங்கள், எடுத்து ஈர மணலில் குளிர்ச்சியான இடத்தில் இரண்டு மாதம் வைத்து மீண்டும் நடச் சொல்கின்றன. வேதியியலார் புத்தகத்தின் பக்கம் நின்றார். மற்றவர் முடிவெடுக்காமல் நின்றார். அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுத் தொட்டியின் முன் உட்கார்ந்துகொண்டார். "அது சாகல. ஒறங்குது. கம்மாயில தண்ணி வத்துனா இப்படித்தான் ஒறங்கும். யாரும் அதுமேல கை வைக்காதீங்க." வைக்கவில்லை. எழுபது நாள், மணலுக்குமேல் ஒன்றுமில்லை. அந்த எழுபது நாளில் அம்மாவுக்கு நெஞ்சு வலி வந்து ஒன்பது நாள் மருத்துவமனையில் இருந்தார். பார்க்கப் போகும்போதெல்லாம் முதலில் கேட்டது தொட்டியைப் பற்றித்தான். இன்னும் இல்லை என்று சொல்வது எங்களுக்கு எளிதாக இருக்கவில்லை. அவர் வீடு திரும்பிப் பன்னிரண்டு நாள் கழித்து மூன்று கிழங்குகளில் இரண்டு முளைவிட்டன. மூன்றாவது முளைக்கவில்லை.

பாட்டில் வரும் குளத்தை இப்போது வேறுவிதமாகப் படிக்கிறோம். கொட்டி வற்றிய குளத்தில் பட்டினி கிடந்து துன்புறுவதாக ஒரு சித்திரம் எங்கள் மனத்தில் இருந்தது. அது துன்புறவில்லை. இலையை உதிர்த்துவிட்டுக் கிழங்குக்குள் போய்விடுகிறது. உறவு என்றால் உடன் அழுவது என்று வகுப்பில் சொல்லி வந்ததோடு, இருந்த இடத்திலேயே உறங்கிக் காத்திருப்பது என்பதையும் இப்போது சேர்த்துக்கொள்கிறோம். மாணவர்கள் அதையும் குறித்துக்கொள்கிறார்கள்.

வற்றினால் கொட்டிக்குக் கேடில்லை. நீர் இருந்தும் ஒளி இல்லாவிட்டால்தான் கேடு. தென்னமெரிக்காவிலிருந்து வந்த ஆகாயத்தாமரை மூடிக்கிடக்கும் கண்மாய்களைப் பார்க்காதவர் நம்மில் எவருமில்லை. அடியில் முளைக்கும் எதற்கும் அங்கே வெயில் எட்டாது. அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட செடி அது. 2020 நவம்பரில் கோழிக்கோட்டுப் பக்கம் ஆவளப்பாண்டியில் நீரோடை முழுவதும் இளஞ்சிவப்பாகப் பூத்துக் கிடந்ததைக் காணக் கூட்டம் கூட்டமாக மக்கள் போனார்கள். அது கபொம்பா, அதுவும் தென்னமெரிக்காவுக்குரியது, மீன்தொட்டிகளில் வளர்க்கப்படுவது. நம் ஊர்களிலிருந்து போய் அயலாரைப் படுத்துபவையும் உண்டு. நாம் புனலுக்கடியில் வைத்த ஹைட்ரில்லா 1950களில் மீன்தொட்டி வாணிகத்தின் வழியே அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குள் புகுந்தது. அங்கே ஏரிகளையும் கால்வாய்களையும் அடைத்துக்கொண்டு பெருஞ்செலவு வைத்துக்கொண்டிருக்கிறது. முதலும் கருவும் உரியும் என்று நிலத்தைப் பகுத்த தொல்காப்பியருக்கு இதைச் சொல்லி விளக்க வேண்டியிராது.

ஆகவே எங்கள் வீட்டில் ஒரு விதி. வெட்டிய செடியில் ஒரு கணுவும் சாக்கடைக்கோ வாய்க்காலுக்கோ போகக் கூடாது. மொட்டைமாடியில் நொறுங்கும்வரை காயவைத்துக் கறிவேப்பிலைத் தொட்டிக்கு உரமாகப் போடுகிறோம். தொட்டியைக் கழுவிய நீரும் பூந்தொட்டிகளுக்கே போகிறது. குடியிருப்பில் ஒருவர் வேலை மாறிப் போகும்போது தம் தொட்டியை மீனும் செடியுமாகப் பக்கத்து வாய்க்காலில் கவிழ்க்கத் தூக்கினார்; உயிரைக் கொல்ல மனமில்லை என்றார். அவரிடம் நின்று பேசி வாங்கிவந்த செடிகளால் எங்கள் இடம் இப்போது நெருக்கடியாக இருக்கிறது.

இந்த ஆண்டு இரண்டு கொட்டிகளும் ஒரே வாரத்தில் பூத்தன. அம்மா விரலால் ஒரு கதிரைத் தடவி, அதே விரலால் மற்றதைத் தடவினார். காய் பிடித்தது. விதைகள் உதிர்ந்து சிறிது நேரம் மிதந்து, பிறகு மணலில் இறங்கின. இப்போது ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் நூலிழை போன்ற பதினொரு நாற்றுகள் இருக்கின்றன. அவற்றில் பாதியை ஊர்க் கண்மாய்க்கே அனுப்ப வேண்டும் என்கிறார் அம்மா; இந்த மழையில் தோண்டிய பள்ளங்களில் நீர் நிற்கிறதாம், ஓரங்களில் ஆழம் குறைவாம். அயல்நாட்டுச் செடிகளோடு ஒரே நீரில் வளர்ந்த நாற்றை அப்படியே கண்மாயில் விடக்கூடாது, ஒரு துணுக்கு வாலிஸ்நேரியாவோ கண்ணுக்குத் தெரியாத நத்தை முட்டையோ ஒட்டிக்கொண்டு போகும் என்கிறார் வேதியியலார். தனி மண்சட்டியில், புது மணலில், மழைநீரில் ஆறு மாதம் வைத்துப் பார்த்து அனுப்பலாம் என்பது இடைவழி. "ஆறு மாசமா?" என்று அம்மா கேட்டுவிட்டுச் சட்டி தேடப் போயிருக்கிறார். சாக்கில் மிஞ்சிய மணல் ஒரு சட்டிக்குச் சரியாக இருக்கும்.